கொக்கின் இடது தோள்

அத்தியாயம் 14

போன வாரம் தெய்ஜி தேநீர்க் கோப்பையை மேசை இல்லாத இடத்தில் வைத்தாரல்லவா, அந்தக் கறை பாயில் இன்னும் அப்படியே இருந்தது. சுமியே மூன்று முறை துடைத்துப் பார்த்துவிட்டாள். போகவில்லை.

முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் கணவர் ஒரு சொட்டுத் தேநீர் சிந்தியதில்லை. ஷிசுவோகா நகரமே நிலநடுக்கத்தில் ஊஞ்சலாடிய அன்றுகூட விளிம்பு வரை நிறைந்த கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அலமாரி விழுவதை வேடிக்கை பார்த்தவர். அப்பேர்ப்பட்ட கை ஒரு கடிதத்தைப் பார்த்து நடுங்கியிருக்கிறது.

கடிதம் ஹொக்கைதோவிலிருந்து வந்தது. ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மைக் கார்கள் செய்யும் அவர்கள் குடும்பத்து மினோவா மாடல் கம்பெனிக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறவள் சுமியேதான். ஒட்டும்போது சக்கரம் துள்ளிப் போய் எங்கோ மறைந்துவிட்டது, நாய் ஸ்டியரிங்கை விழுங்கிவிட்டது என்று உதிரி பாகச் சீட்டை வெட்டி அனுப்புவார்கள். அவளும் பாகத்தை உறையில் போட்டு, நாயின் வயிற்றையும் நலம் விசாரித்து எழுதுவாள்.

இந்த ஆள் பாகம் எதுவும் கேட்கவில்லை. முப்பத்தேழு வருடத்துக்கு முன்பு வாங்கிய ஷிராசாகி கார்ப் பெட்டியைப் போன மாதம்தான் பிரித்தாராம். வெர்னியர் வைத்து அளந்தாராம். 'முன்பக்கம் இடது தோள், வலது தோளைவிட அரை மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்கிறது. காரணம் தெரிவிக்கவும்.' அவ்வளவுதான் கடிதம்.

ஷிராசாகி என்றால் வெள்ளைக் கொக்கு. நீண்ட மூக்கும் ஒடுங்கிய இடுப்புமாக எண்பதுகளில் இளவட்டங்களின் தூக்கத்தைக் கெடுத்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அதை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கி பிளாஸ்டிக்கில் வார்த்ததுதான் மினோவா கம்பெனியின் முதல் வெற்றி. வரும் மே மாதக் கண்காட்சியில் அதையே மறுபடி வெளியிடப் போகிறார்கள்.

கடிதத்தைப் படித்த தெய்ஜி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மோல்டைச் சரிபண்ணச் சொல்லிடறேன். உடனே."

அந்த உடனே இன்றைக்கு வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு லாரி.

காலை எட்டு மணிக்கு சுமியே பட்டறைக்குள் நுழைந்தபோது மோல்டிங் மெஷின் நாற்பது விநாடிக்கு ஒரு தரம் 'தொம்' என்று தரையை உதைத்துக்கொண்டிருந்தது. அது அவள் தம்பி எய்சுகேயின் ராஜ்ஜியம். ஐம்பத்தேழு வயது. பத்தொன்பதில் உள்ளே வந்தவன், இதுவரை ஜப்பானின் ஜனத்தொகையைவிட அதிகமாகக் கார் அச்சடித்துத் தள்ளியிருப்பான். ஆனால் லைசென்ஸ் கிடையாது. மழையோ பனியோ, சைக்கிள்தான்.

வாசலோரம் மரப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே கொக்கை வார்க்கும் இரும்பு அச்சு, அந்த மோல்டு.

"அக்கா, பெட்டிக்கிட்ட நிக்காதே. இருநூறு கிலோ. கால்ல விழுந்தா உன்னையும் இருபத்து நாலில் ஒரு பங்கா ஆக்கிடும்."

"உன் நாக்கு மேல விழுந்தா ஊருக்கு நல்லது."

"நாக்குக்கு மோல்டு கிடையாதுக்கா. உடைஞ்சா சீட்டு வெட்டி அனுப்பினாலும் கிடைக்காது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே பெட்டி மூடியில் கை வைத்தாள். அவன் சிரிப்பு சட்டென்று நின்றது.

"திறக்காதே. ஆணி அடிச்சாச்சு."

"யாரு?"

"நான்தான். காலையில அஞ்சரைக்கே வந்து."

நான்கு மணி லாரிக்கு அஞ்சரை மணிக்கு ஆணியா? எட்டு மணி வேலைக்கு எட்டு ஐந்துக்கு வந்து சைக்கிள் பஞ்சர் என்று கதை விடுகிறவன் இவன். சுமியே மாடிப்படி ஏறினாள். முதுகில் அவன் பார்வை ஒட்டிக்கொண்டே வருவது போலிருந்தது.

மாடியில் மகள் நாவோ கம்ப்யூட்டர் முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது, கம்பெனியின் வடிவமைப்பெல்லாம் இப்போது அவள் கையில். மேசையில் கொக்கின் வெள்ளை உடல்கள் இரண்டு, சக்கரமில்லாமல், கண்ணில்லாமல் கிடந்தன.

"அம்மா, வா வா. தாத்தாவைப் பத்தி ஒரு தமாஷ்."

"என்னடி?"

"மத்த கம்பெனியில எல்லாம் அந்தக் காலத்துல நிஜ வண்டியோட ஒரு பக்கத்தைத்தான் அளப்பாங்க. அந்தப் பக்கத்தை அப்படியே கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டா மறுபக்கம் ரெடி. பாதி வேலை மிச்சம். ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்த ஒரே பைத்தியம் நம்ம தாத்தாதான்."

அது உண்மை. காலமாகிவிட்ட மாமனார் கென்சாகு, தன் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் காதுகளை அளந்து, இடது காது ஒன்றரை மில்லி இறங்கியிருப்பதாக அவள் அப்பாவிடமே புகார் சொன்னவர். கொக்கை அளப்பதற்காகவே புது வண்டி ஒன்றை வாங்கிப் பட்டறைக்குள் நிறுத்தினார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எறும்பு ஏறினால்கூட அதன் இடுப்பையும் அளந்து குறித்துவைப்பார்.

"அப்போ தாத்தா தப்பா அளந்துட்டாரா?"

"அதான் இல்ல. கை தவறினா ஒரு புள்ளி இங்க, ஒரு புள்ளி அங்கன்னு சிதறும். இங்க தோள், விளக்கு, பானெட் ஓரம் எல்லாம் சேர்ந்து ஒரே சீரா உள்ள போயிருக்கு பாரு. தாத்தா சரியாத்தான் அளந்திருக்கார். வண்டியே அப்படி இருந்திருக்கு."

"புது வண்டி எப்படி..."

"எங்கேயோ இடிச்சிருக்கும்மா. தட்டி நிமித்திப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. இங்க அரை மில்லின்னா நிஜ வண்டியில பன்னிரண்டு மில்லி. சுண்டுவிரல் அகலம். வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

சுமியே வெள்ளை உடலைக் கையில் எடுத்தாள். எடையே இல்லை.

"எதுல இடிச்சா இப்படி ஆகும்?"

"கம்பம், சுவர்னா கூரா மடங்கும். இது வழவழன்னு பள்ளம்." நாவோ திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏதோ மெத்துனு இருந்திருக்கு. மான் மாதிரி. காட்டுப்பன்றி மாதிரி."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மவுஸை நகர்த்தினாள். அவள் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே நடந்தது அது. அவளுக்குத் தாய்வழித் தாத்தா என்றால் மாடத்தில் ஊதுவத்திக்குப் பின்னால் இருக்கும் ஒரு படம்.

சுமியேவுக்கு அவர் அப்பா. தொகுசோ. மோச்சிமுனே துறைமுகத்தில் ஷிராசுக் குஞ்சுமீன் பிடித்தவர். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், நவம்பர் மூன்றாம் தேதி, பண்பாட்டு நாள் விடுமுறை. பொழுது சாயும் நேரம், தூறல். கடலோரச் சாலையின் வளைவில் ஒரு வண்டி அவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. சட்டையில் வெள்ளைப் பெயின்ட் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. வண்டியின் இடது முனை இடித்திருக்கிறது என்றார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் அரிசி மணியைவிட வெள்ளைக் கார்கள் அதிகம். கண்டுபிடிக்கவே முடியவில்லை.

"அம்மா? முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"பசை நாத்தம்."

"இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் உனக்குப் பசை நாறுதா?"

சுமியே கீழே இறங்கி மோல்டு அறைக்குப் போனாள். மோல்டு வெளியே போகும் சீட்டுகளில் முத்திரை வைக்கும் பொறுப்பு மாமனார் காலத்திலிருந்து அவளுடையது. அந்த அறையின் பீரோவில்தான் அவருடைய அளவு நோட்டுகளும் இருந்தன.

நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, மணி போட்டு, மழையா வெயிலா என்றுகூட எழுதியிருந்தார். அக்டோபர் பதினெட்டாம் தேதி வலது முன் தோளில் தொடங்கியிருந்தார். ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. நவம்பர் இரண்டு, ஞாயிறு: வலது பின்விளக்கு. வலது பக்கம் முற்றும்.

அடுத்த பக்கம். நவம்பர் பதினொன்று: இடது முன் தோள்.

நடுவில் எட்டு நாள் வெறுமை.

புத்தாண்டு அன்றும் அளந்த மனிதர். மனைவி பிரசவ வலியில் துடித்தபோது டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, டாக்டர் வருவதற்குள் ஒரு கதவுக் கைப்பிடியை அளந்து முடித்த மனிதர். அவர் எட்டு நாள் சும்மா இருந்திருக்கிறார்.

இடது தோளின் எண்களைச் சுமியே விரலால் தொட்டாள். வலதில் பக்கத்துக்குப் பத்துக் குறிப்பு எழுதியவர், இங்கே எண்களைத் தவிர ஓர் எழுத்து எழுதவில்லை. பன்னிரண்டு மில்லி வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வாயை மூடிக்கொள்ள முடிந்திருக்கிறது. பொய்யாக ஓர் எண் எழுத மட்டும் கை வரவில்லை.

அதனால் கொக்கின் வலது பாதி அவள் அப்பா உயிரோடு இருந்தபோது அளந்தது. இடது பாதி அவர் போன பிறகு அளந்தது. நடுக்கூரையில் இரண்டும் ஒட்டாமல் ஒட்டி நின்றன. அதை நாற்பதாயிரம் பெட்டியில் போட்டு உலகமெல்லாம் விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கிவைத்திருப்பார்கள். அந்த ஹொக்கைதோக்காரர் ஒருவர்தான் திறந்து பார்த்தார்.

அந்த வண்டியை மாலை வேளைகளில் வெளியே எடுத்துக்கொண்டு போனவர் யார்? சாவி யாரிடம் இருந்தது?

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இருபத்தாறு வயது தெய்ஜி, கொக்கில் வந்து இறங்கினால் தேயிலை பறிக்கும் பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள்.

அப்பாவின் காரியத்துக்கு அவர் வந்தார். தம்பி அப்போதுதான் அந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். முதலாளியின் மகன் மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். ஏழாம் நாள் வந்தார். பதினான்காம் நாள் வந்தார். துக்கம் முடியும் நாற்பத்தொன்பதாம் நாள்வரை ஒரு வாரம் தவறவில்லை. எவ்வளவு நல்ல மனசு என்று சுமியே உருகிப் போனாள். இரண்டு வருடம் கழித்துப் பெண் கேட்டு வந்தபோது சொந்தக்காரர்கள் தயங்கினார்கள். அம்மா மட்டும் வைத்த தேநீர் ஆறுவதற்குள் சரி என்றுவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தெய்ஜி வந்து உட்கார்ந்தார். சோற்றின் மேல் ஷிராசு, பக்கத்தில் வசாபி ஊறுகாய். சுமியே எதிரில் உட்கார்ந்தாள். அவர் குச்சியைக் கையில் எடுக்கும்வரை காத்திருந்தாள்.

"என்னங்க, கொக்கு வாங்கின புதுசுல எங்கேயாவது இடிச்சுதா?"

"இல்லையே. ஏன்?"

"மாமா எட்டு நாள் அளக்கலை. நோட்டுல இருக்கு."

"காய்ச்சல்."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"காய்ச்சல்னா தர்மாமீட்டரையே வெர்னியர் வச்சு அளப்பார்னு நீங்கதானே சொல்லிச் சிரிப்பீங்க."

தெய்ஜி சிரிக்கவில்லை. ஒரு ஷிராசு மீனைக் குச்சியால் எடுத்து, சோற்றின் வேறோர் இடத்தில் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்து வைத்தார்.

"நவம்பர் மூணு என்ன நாள்?"

"உங்கப்பா போன நாள். வருஷா வருஷம் உன்கூட கல்லறைக்கு வரலையா?"

"வர்றீங்க. என்னைவிட அதிக நேரம் தலை குனிஞ்சு நிக்கிறீங்க."

வெளியே தொம் என்றது மெஷின். இன்னொரு தொம். இருவரும் எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்பிடு சுமியே. நாலு மணிக்கு லாரி வந்துடும். அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

"எது சரியாயிடும்?"

"மோல்டு."

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே லாரி வந்து பின்புறமாக நுழைந்தது. டிரைவர் ஹிராகா கீழே குதித்து, தொப்பியைக் கழற்றி வணங்கினார். கையில் மூன்று நகல் சீட்டு.

"அம்மா, மழைக்கு முன்னாடி ஏத்திடலாம். இங்க ஒரு முத்திரை."

சுமியேவின் ஏப்ரன் பையில் முத்திரைக்கட்டை இருந்தது. விரல் தடிமன். அதைச் சிவப்பு மையில் தொட்டுச் சீட்டில் அழுத்த ஒரு விநாடி போதும். யாய்சுவில் இருக்கும் பட்டறையில் இரும்பை அரை மில்லி குடைந்து எடுப்பார்கள். இரும்பில் குடைந்தது குடைந்ததுதான். கொக்கின் இரண்டு தோளும் ஒன்றாகிவிடும். அப்பா இடிபட்ட இடத்தை அவள் முத்திரையே வழித்துத் துடைத்துவிடும்.

தெய்ஜி அலுவலகத்திலிருந்து வந்து பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஹிராகா-சான், உள்ளே போய் ஒரு டீ குடிங்க," என்றாள் சுமியே.

"இல்லம்மா, நேரம்..."

"குடிங்க."

ஹிராகா ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்தார். டீ குடிக்கப் போய்விட்டார்.

"முத்திரை வைக்கிறேன்," என்றாள் அவள். "அன்னிக்கு வண்டியை ஓட்டினது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அறுபத்து நாலு வயது மனிதர் ஒரே நிமிடத்தில் நூற்று நாலு ஆனார். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்தார். கல்லறை முன் குனிவதைவிடத் தாழ்வாக.

"நான்தான்."

அந்த வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். முப்பத்தைந்து வருடம் இந்தக் கைக்குத்தானே தேநீர் ஊற்றினேன். இந்த மனிதருக்குத்தானே மகளைப் பெற்றேன்.

அப்போது பட்டறையில் ஏதோ குறைந்தது. என்னவென்று புரிய ஒரு கணம் பிடித்தது. மெஷின் நின்றுவிட்டிருந்தது.

எய்சுகே கையுறையைக் கழற்றாமலே வந்து நின்றான்.

"அத்தான் பொய் சொல்றாருக்கா."

"எய்சுகே, நீ உள்ளே போ." தெய்ஜி நிமிரவில்லை.

"முப்பத்தெட்டு வருஷமா உள்ளதான் இருக்கேன்." அவன் குரலில் கேலியே இல்லை. கேலி இல்லாத அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. "சாவி கொடுத்தது அத்தான். ஓட்டினது நான்."

சுமியே அவனைப் பார்த்தாள்.

"லீவு நாள். ஒரு மணி நேரம் தாங்கன்னு கெஞ்சினேன். நம்ம வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தணும், அப்பா பார்க்கணும்னு ஆசை. புறப்படும்போது போன் பண்ணிச் சொன்னேன். அவரால வீட்டுல இருக்க முடியலை. வளைவுவரைக்கும் நடந்து வந்துட்டாரு. தூறல்ல, இருட்டுற நேரத்துல." மூச்சு வாங்கினான். "கையை ஆட்டினாருக்கா. நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன்."

தகரக் கூரையில் மழைத்துளிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.

சுமியேவுக்கு அழுகை வரவில்லை. அவனை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று கைக்குத் தெரியாமல் முத்திரைக்கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அம்மாவுக்கு இது தெரிஞ்சா செத்துப் போயிடுவா," என்றாள் கடைசியில்.

எய்சுகே தலையை ஆட்டினான். ஆமாம் என்றல்ல.

"அம்மாவுக்குத் தெரியும். அன்னிக்கே சொல்லிட்டேன்."

"என்னது?"

"காலைப் பிடிச்சு அழுதேன். போலீஸுக்குப் போறேன்னேன். அம்மாதான் கதவைச் சாத்தினாங்க. புருஷனும் போயி புள்ளையும் போனா நான் எதுக்குன்னாங்க. அப்புறம்தான் அத்தானை வரச் சொல்லி, உன்னை..."

"போதும் எய்சுகே!" தெய்ஜி பெட்டியைத் தட்டினார். அந்த மனிதர் எதையாவது தட்டி யாரும் பார்த்ததில்லை.

"என்னை?" என்றாள் சுமியே. "என்னை என்ன?"

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

அவள் முத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சீட்டு மூன்றையும் மடித்து ஆணி அடித்த பெட்டியின் மேல் வைத்தாள். வெளியே போய்த் தன் சின்ன வண்டியில் ஏறினாள். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி மட்டும் தெற்கே, கடலோரச் சாலைப் பக்கம் திரும்பியது.

முதல் சிக்னலில் போன் அடித்தது. திரையில் அம்மா. எண்பத்தாறு வயது அம்மா ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் கூப்பிட்டதில்லை. இன்று செவ்வாய்.

சுமியே எடுத்துக் காதில் வைத்தாள்.

"வளைவுல மெதுவா வாம்மா," என்றது அந்தக் குரல், நிதானமாக. "ரோடு ஈரமா இருக்கு."